பதில் சொல்லாதவர் கணக்கு

ஆரணியில் பட்டு வாணிகம் செய்யும் ஒருவர் தமது கடைக்கென்று ஓர் இணையதளம் அமைத்து, அதன் வழியாகச் சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல் கடந்த ஊர்களுக்கும் சேலைகளை அனுப்பிவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேலை போய்ச் சேர்ந்த சில நாட்களில், வாங்கியவருடைய கைபேசிக்கு ஒரு கேள்வி போகிறது: "எங்கள் கடையை உங்கள் உற்றார் உறவினருக்குச் சிபாரிசு செய்வீர்களா? 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண் இடுங்கள்." ஓராண்டின் முடிவில் வந்த பதில்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை 9, 10 என்று மின்னுகின்றன. கடைக்காரருக்கு மனம் குளிர்கிறது. ஆனால் அதே ஆண்டின் விற்பனைப் பேரேட்டைப் புரட்டும்போது, முன்பு வாங்கியவர்களுள் மறுபடி வந்தவர் மிகச் சிலர் என்பதும், புதிதாக வந்தவர்களுள் "இன்னார் சொல்லி வந்தோம்" என்பவர் அதனினும் சிலர் என்பதும் தெரியவருகின்றன. இணையதளம் ஒன்று சொல்கிறது. பேரேடு வேறொன்று சொல்கிறது. இரண்டில் எதுவும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் இந்த முரண் எங்கிருந்து வந்தது?

வாடிக்கையாளரின் பற்றை அளப்பது என்பது உலகெங்கும் பெரிய ஸ்தாபனங்கள் பெரும்பொருள் செலவிட்டுச் செய்யும் காரியம். அதன் அடியில் இருக்கும் அறிவியலோ, பட்டுக்கும் ஜவுளிக்கும் அப்பாற்பட்டது. பார்க்க முடிந்த சிலரைக் கொண்டு பார்க்க முடியாத பலரைப் பற்றி எவ்வளவு தூரம் துணிந்து பேசலாம் என்னும் பழைய வினாவே அது. ஆரணி போன்ற ஊரை வைத்துக்கொண்டு அதனை ஆராய்வதில் ஒரு தனிப் பயன் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த இவ்வூர், அரிசிக்கும் பட்டுக்கும் ஒருங்கே பெயர் பெற்றது. தேவிகாபுரம், ஒண்ணுபுரம் போன்ற சுற்றுவட்ட ஊர்களிலும் தறி ஓடுகிறது. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. சோப்பும் தேயிலையும் விற்பவனுக்கு வாடிக்கையாளரின் மனம் மாதத்துக்கு ஒரு முறை தெரிந்துவிடும். தீர்ந்த பொருளை மறுபடி வாங்க அவர் வந்தாரா, வேறு கடைக்குப் போனாரா என்று பார்த்தால் போதும். முகூர்த்தச் சேலை விற்பவனுக்கு அந்த வசதி இல்லை. இன்று மகளுக்கு வாங்கிய தாய், இளைய மகளின் கல்யாணத்துக்குத்தான் மறுபடி வருவாள். அது ஐந்து ஆண்டாகலாம், பத்து ஆண்டாகலாம். இடையில் அவளுக்குக் கடையின்மேல் பற்று இருக்கிறதா இல்லையா என்பதை அவளது வரவைக் கொண்டு அறியவே இயலாது. ஆதலால் கேட்டுத்தான் அறியவேண்டியிருக்கிறது. கேட்டு அறிவதிலுள்ள இடர்கள் அனைத்தும் இவ்வாணிகத்தில் முழு உருவில் வந்து நிற்கின்றன.

முதலில், பற்று என்று எதைக் குறிக்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஆலன் டிக், குணால் பாசு என்னும் இருவர் 1994இல் வெளியிட்ட ஆய்வுரை ஒன்று இதற்கு நல்ல வழி காட்டிற்று. அவர்கள் மனப்பாங்கையும் செயலையும் தனித்தனியே பிரித்தார்கள். மனத்தில் மதிப்பும் இருந்து, திரும்பத் திரும்ப வாங்கவும் செய்தால் அது மெய்ப்பற்று. மதிப்பு இருந்தும் வாங்க வாய்ப்பில்லாமற்போனால் மறைபற்று. மதிப்பு ஒன்றும் இல்லாமலே, அருகில் வேறு கடை இல்லை என்பதற்காகவோ தள்ளுபடி கிடைக்கிறது என்பதற்காகவோ வாங்கிக்கொண்டிருந்தால் போலிப்பற்று. தீபாவளித் தள்ளுபடிக் காலத்தில் கடை நிறைந்து வழிவதைக் கண்டு மகிழும் வியாபாரி, அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் தள்ளுபடியின் வாடிக்கையாளர், எத்தனை பேர் தம்முடைய வாடிக்கையாளர் என்று அறியமாட்டார். பட்டு வாணிகத்திலோ மறைபற்றே மிகுதி: ஒரு கடையைப் பற்றி ஆண்டுக்கணக்கில் நல்லது சொல்லிக்கொண்டே, தமக்குத் தேவையின்மையால் வாங்காமல் இருப்போர் அநேகர். அவர்களைப் பேரேடு காட்டாது. ஆனால் அவர்கள் வாய்ச்சொல்லால்தான் அடுத்த தெருக் கல்யாண வீட்டார் கடைக்கு வருகிறார்கள்.

வாங்குவதைக் கணக்கிட முடியாத இடத்தில் சிபாரிசைக் கணக்கிடலாம் என்ற எண்ணம் இங்குதான் முளைக்கிறது. அமெரிக்காவில் பிரெட் ரைக்கெல்ட் என்னும் ஆலோசகர் 2003இல் ஒரு புகழ்பெற்ற வணிக இதழில், நிறுவனத்தின் வளர்ச்சியை அறிய ஒரே ஓர் எண் போதும் என்று எழுதினார். பல கேள்விகளை மக்களிடம் கேட்டு, பின்னர் அவர்கள் உண்மையில் வாங்கினார்களா, பிறரை அழைத்துவந்தார்களா என்று தொடர்ந்து பார்த்தபோது, பெரும்பாலான துறைகளில் சிபாரிசுக் கேள்வியின் விடையே நடத்தையோடு மிக நெருங்கிப் பொருந்திற்று என்பது அவர் வாதம். அவர் வகுத்த முறையில் 9, 10 இடுவோர் பரிந்துரைப்போர். 7, 8 இடுவோர் வாளாவிருப்போர். 0 முதல் 6 வரை இடுவோர் குறைகூறுவோர். பரிந்துரைப்போரின் சதவீதத்திலிருந்து குறைகூறுவோரின் சதவீதத்தைக் கழித்தால் வருவது நிகரப் பரிந்துரை மதிப்பெண். எல்லாரும் மகிழ்ந்தால் அது 100. எல்லாரும் வெறுத்தால் அதற்கு எதிரிடையான 100. எளிமையே இதன் வலிமை. கணக்குப்பிள்ளை முதல் முதலாளி வரை எவரும் ஓர் எண்ணைப் பார்த்து விஷயத்தைப் புரிந்துகொள்ளலாம்.

அந்த எளிமைக்குள் இரண்டு ஐயங்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அளவுகோலைப் பற்றியது. நமது பள்ளிக்கூடங்களில் நூற்றுக்கு 35 எடுத்தால் தேர்ச்சி. 60 எடுத்தால் முதல் வகுப்பு. 80 எடுத்த பிள்ளையை ஊரே மெச்சும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த ஒரு தாயார், சேலை மனத்துக்கு நிறைவாக இருந்தது என்னும் பொருளில் 8 இடுவார். அந்தச் சூத்திரமோ அவரை வாளாவிருப்போர் வரிசையில் உட்காரவைக்கும். பரவாயில்லை என்று 6 இட்டவரைக் குறைகூறுபவர் என்றே முத்திரை குத்திவிடும். எண்கள் எங்கும் ஒன்றுதான்; அவற்றுக்கு மனிதர் கொடுக்கும் கனம் தேசத்துக்குத் தேசம், பழக்கத்துக்குப் பழக்கம் வேறுபடும். ஆகவே அமெரிக்கக் கடையின் மதிப்பெண்ணோடு ஆரணிக் கடையின் மதிப்பெண்ணை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே கடையின் சென்ற ஆண்டையும் இவ்வாண்டையும் ஒப்பிடுவதில்தான் அர்த்தம் உண்டு. இரண்டாவது ஐயம் அந்த 'ஒரே எண்' என்னும் கூற்றைப் பற்றியது. திமோதி கெய்னிங்காம் என்னும் ஆய்வாளரும் அவர் தோழர்களும் நார்வே நாட்டில் ஆண்டுதோறும் எடுக்கப்பட்டுவந்த வாடிக்கையாளர் நிறைவுக் கணக்கெடுப்பின் புள்ளிகளைக் கொண்டு 2007இல் இதனைப் பரிசோதித்தார்கள். சிபாரிசுக் கேள்வி மற்ற நிறைவுக் கேள்விகளைவிட மேம்பட்டது என்பதற்கு ஆதாரம் அவர்களுக்கு அகப்படவில்லை. அக்கேள்வி பயனற்றது என்று அதனால் ஆகிவிடாது. மறுவரவு அரிதான நம் வாணிகத்தில் அதற்கு இயல்பாகவே ஓர் இடம் உண்டு என்பது என் கருத்து. ஆனால் அது மந்திரமும் அன்று.

இவற்றையெல்லாம் சரிசெய்துகொண்டாலும், தொடக்கத்தில் கண்ட முரண் தீராது. அதன் வேர், கேள்வியில் இல்லை. பதில் சொன்னவர் யார் என்பதில் இருக்கிறது.

பட்டு நூல் வாங்கும் வியாபாரி ஒருவர் சிப்பம் சிப்பமாக வந்திறங்கும் கழிகளை எல்லாம் பிரித்துப் பார்க்க முடியாது. சிலவற்றை உருவிப் பார்த்தே முழுச் சிப்பத்துக்கும் விலை பேசுவார். அவர் எந்தக் கழியையும் தம் விருப்பு வெறுப்பின்றி, சிப்பத்தின் எந்த மூலையிலிருந்தும் எடுப்பாரானால், அச்சில கழிகள் முழுச் சிப்பத்தின் குணத்தையும் ஏறக்குறையச் சொல்லிவிடும். விற்பவர் எடுத்து நீட்டும் கழிகளை மட்டும் பார்த்தால், நூறு கழி பார்த்தாலும் ஏமாற்றமே. முன்னதைப் புள்ளியியலார் எழுந்தமான மாதிரி என்பர்: சிப்பத்திலுள்ள ஒவ்வொரு கழிக்கும் தேர்வு பெறும் வாய்ப்பு முன்கூட்டியே தெரிந்திருப்பது அதன் இலக்கணம். இணையதளத்தில் வந்து விழும் பதில்கள் பின்னவற்றைப் போன்றவை. வேறுபாடு இவ்வளவே, இங்கே கழிகள் தாமே முன்வந்து தம்மை நீட்டுகின்றன. தாமே முன்வருவோரால் விளையும் இந்தக் கோணலைத் தன்வரவுச் சாய்வு என்றும், வராதவரால் விளையும் அதன் மறுபக்கத்தை மௌனச் சாய்வு என்றும் அழைக்கலாம்.

பதில்களின் எண்ணிக்கை பெருகினால் இந்தச் சாய்வு தேய்ந்துபோகும் என்று நினைப்பது இயற்கை. அது தேய்வதில்லை என்பதை உலகம் பெரும் விலை கொடுத்துக் கற்றுக்கொண்டது. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலுக்கு முன் 'லிட்டரரி டைஜஸ்ட்' என்னும் வாரப் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்கு வாக்குச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பிற்று. சுமார் 23 லட்சம் சீட்டுகள் திரும்பின. அவற்றை எண்ணி லேண்டன் என்பவர் எளிதாக வெல்வார் என்று அறிவித்தது. வென்றவர் ரூஸ்வெல்ட், 48 மாகாணங்களில் இரண்டைத் தவிர மற்றெல்லாம் அவருக்கே கிடைத்தன. அதே சமயம் ஜார்ஜ் காலப் என்பவர் அதனினும் மிகச் சிறிய, ஆனால் கவனமாக அமைத்த ஒரு மாதிரியைக் கொண்டு ரூஸ்வெல்ட்டின் வெற்றியைச் சரியாகவே சொல்லியிருந்தார்.

பத்திரிகையின் கணிப்பு தவறியது எதனால்? தொலைபேசி வைத்திருந்தோர், மோட்டார் வண்டி வைத்திருந்தோர் ஆகியோரின் பட்டியல்களிலிருந்து பெரும்பாலும் முகவரிகளை எடுத்ததால், ஏழைகள் விடுபட்டுப்போனார்கள் என்பது நெடுங்காலம் பாடநூல்களில் சொல்லப்பட்ட விளக்கம். அது பாதி உண்மை. மீதிப் பாதி எப்படி வெளிப்பட்டது என்பது ஒரு துப்பறியும் கதை போன்றது. 1937இல் காலப் நிறுவனம் எடுத்த ஒரு கணக்கெடுப்பில், உங்களுக்கு அந்தப் பத்திரிகையின் சீட்டு வந்ததா, வந்திருந்தால் திருப்பி அனுப்பினீர்களா, தேர்தலில் யாருக்கு வாக்களித்தீர்கள் என்ற கேள்விகளும் இருந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1988இல், பெவரில் ஸ்கொயர் என்னும் அறிஞர் அந்தப் பழைய விடைகளை எடுத்துப் பிரித்துப் பார்த்தார். சீட்டுப் பெற்றவர்களுள்ளேயே பெரும்பாலோர் ரூஸ்வெல்ட் பக்கம் இருந்தனர். சீட்டைத் திருப்பி அனுப்பியவர்களுள் பெரும்பாலோர் லேண்டன் பக்கம் இருந்தனர். சீட்டுப் பெற்ற எல்லாரும் பதில் அனுப்பியிருந்தால், வெற்றியின் அளவு தவறினாலும் வென்றவரின் பெயராவது சரியாக வந்திருக்கும். ஆக, பட்டியலின் பிழையோடு மௌனத்தின் பிழையும் சேர்ந்துதான் அந்தப் பத்திரிகையைத் தலைகுனிய வைத்தது. 23 லட்சம் பதில்களுக்கு இல்லாத மீட்சி, ஒரு கடையின் சில நூறு பதில்களுக்கு எங்கிருந்து வரும்?

இணையத்தில் வரும் மதிப்பீடுகளுக்குத் தனியே ஓர் உருவமும் உண்டு. ஹூ, பாவ்லு, ஜாங் என்னும் ஆய்வாளர் மூவர் இணைய அங்காடிகளில் பொருள்களுக்கு இடப்படும் மதிப்பெண்களை ஆராய்ந்து, அவை நடுவில் உயர்ந்து இரு பக்கமும் சரியும் குன்றுபோல் அமைவதில்லை என்றும், உச்ச மதிப்பெண்ணில் பெருங்குவியலும், அடிமட்ட மதிப்பெண்ணில் சிறு குவியலும், நடுவில் பள்ளமுமாக அமைகின்றன என்றும் 2009இல் விளக்கினார்கள். பொருளின் குணமே அப்படியோ என்று ஐயுற்று, ஒரு குழுவிலுள்ள அனைவரிடமும் ஒரே பொருளைப் பற்றிக் கேட்டபோது குன்று உருவம் திரும்பிவந்தது. மிக மகிழ்ந்தவனும் மிக நொந்தவனும் சொல்லத் துடிக்கிறார்கள். 'ஏதோ இருந்தது' என்று கருதும் பெரும்பான்மையோர் கைபேசியைக் கீழே வைத்துவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறார்கள். ஜரிகை கறுத்துப்போனவர் எழுதுவார். மணமகளுக்குச் சேலை அழகாய் அமைந்ததென்று பூரித்தவர் எழுதுவார். சேலையைப் பீரோவில் மடித்துவைத்து, அடுத்த முறை காஞ்சிபுரத்துக்கே போய்ப் பார்க்கலாமே என்று மனத்துக்குள் முடிவுசெய்தவர் எழுதவே மாட்டார். வியாபாரி இழப்பது பெரும்பாலும் இம்மூன்றாமவரைத்தான். நம்மவரிடம் மற்றொரு சுபாவமும் உண்டு: வாங்கிய கடையைப் பற்றிக் குறை சொல்வது மரியாதை அன்று என்று கருதி, மனத்தாங்கலை வெளியே காட்டாமல் விலகிக்கொள்வது. கண்ணியமான அந்தக் குணம் கணக்கெடுப்புக்குப் பெரும் இடையூறு.

இன்னும் ஒரு படி கீழே இறங்கினால், கேள்வி யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதே ஐயமாகிறது. பட்டு எடுப்பது ஒருவர் செயலன்று. மாமியார் நிறம் சொல்வார், நாத்தனார் முந்தானை பார்ப்பார், பெண்ணின் தகப்பனார் விலை கேட்பார், உடுத்தப்போகும் பெண் கடைசியில் தலையசைப்பாள். இணையத்தில் பணம் கட்டியவனோ சென்னையில் வேலை பார்க்கும் தம்பியாக இருப்பான். மதிப்பெண் கேட்கும் செய்தி அவன் கைபேசிக்குப் போகிறது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் பார்சல் குறித்த நாளில் வந்ததா என்பதுதான், 10 இடுகிறான். யாரைப் பற்றி அறிய விரும்புகிறோமோ அவர்களுடைய முழுப் பட்டியலைத் தேர்வுச் சட்டகம் என்பர். இணையதளத்தின் சட்டகத்தில் பணம் கட்டியவர் இருக்கிறார், உடுத்தியவர் இல்லை. கடைக்கு நேரில் வந்து வாங்கியவர் இல்லை. ஆரணியில் நெய்து பிறவூர்க் கடைகளில் விற்கப்பட்ட சேலையை வாங்கியவர், அது ஆரணிச் சேலை என்றே அறியாதிருக்கக்கூடும். அவர் எந்தச் சட்டகத்திலும் இல்லை.

சட்டகத்தை நேரில் நடந்துபோய் உண்டாக்கும் வேலைக்கு ஆரணியே ஒரு சிறந்த சாட்சி என்பதை இவ்வூரார் பலர் அறியார். பார்பரா ஹாரிஸ்-ஒயிட் என்னும் ஆங்கிலேயப் பொருளியலறிஞர் 1970களில் பசுமைப் புரட்சியின் விளைவுகளை ஆராயும் கேம்பிரிட்ஜ் குழுவோடு இப்பகுதிக்கு வந்து, ஆரணிக் கடைத்தெருவின் வியாபாரிகளை நேரில் கண்டு கேட்டார். பத்தாண்டுக்கு ஒரு முறை போல மறுபடி மறுபடி வந்து கேட்டார். நான்கு பதிற்றாண்டுகளில் இவ்வூர் அடைந்த மாறுதல்களைப் பற்றிய நூலொன்று அவரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 2015இல் வெளிவந்தது. பதில் வருமென்று ஓரிடத்தில் உட்கார்ந்திராமல், பதில் சொல்ல வேண்டியவரிடம் போய் நிற்பதும், ஒரே ஊருக்கே திரும்பத் திரும்ப வருவதும் அந்த ஆய்வின் உயிர். ஓர் இணையதளத்தின் வினாத்தாளுக்கு இவ்விரண்டு குணங்களும் இயல்பில் இல்லை. ஆனால் சிறிது சிரமப்பட்டால் ஊட்டலாம்.

ஊட்டும் வழியை மாரிஸ் ஹான்சன், வில்லியம் ஹர்விட்ஸ் என்னும் அமெரிக்க மக்கட்கணிப்புத் துறை அறிஞர் இருவர் 1946இலேயே காட்டிவிட்டார்கள். முதலில் மலிவான வழியில் எல்லாரையும் கேள்; பதில் வராதவர்களுள் ஒரு சிறு தொகுதியை எழுந்தமானமாகப் பொறுக்கியெடு; அச்சிலரை மட்டும் செலவைப் பாராமல் நேரில் தேடிப்பிடித்துக் கேள். அந்தச் சிலர் மௌனமாயிருக்கும் அனைவருக்கும் பிரதிநிதிகள். விளக்கத்துக்காக நான் அமைத்த எண்களைக் கொண்டு பார்ப்போம். ஒரு கடையில் ஆண்டுக்கு 1,000 பேர் வாங்கினார்கள். 100 பேர் மதிப்பெண் இட்டார்கள். அவர்களுள் 70 பேர் பரிந்துரைப்போர், 10 பேர் குறைகூறுவோர். மதிப்பெண் 60. கேட்டவர் மெச்சத்தக்க எண். இப்போது வாய் திறவாத 900 பேரிலிருந்து சீட்டுக் குலுக்கி 60 பேரை எடுத்துத் தொலைபேசியில் கூப்பிட்டால், 18 பேர் பரிந்துரைப்போராகவும் 18 பேர் குறைகூறுவோராகவும் அமைகிறார்கள். இவர்களுடைய மதிப்பெண் 0. முழுக் கடைக்கும் கணக்கிடும்போது முன்னவருக்குப் பத்தில் ஒரு பங்கு கனமும் பின்னவருக்குப் பத்தில் ஒன்பது பங்கு கனமும் தரவேண்டும், வருவது 6. அறுபது எங்கே, ஆறு எங்கே!

60 பேரை வைத்து 900 பேரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்பவருக்கு, பிழை எல்லை என்பதைச் சொல்லவேண்டும். எழுந்தமானமாக எடுத்த மாதிரிக்கு, அது எவ்வளவு தவறக்கூடும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். இந்த உதாரணத்தில் அந்த எல்லை மேலும் கீழும் ஏறக்குறைய 18 புள்ளி. அதாவது உண்மை மதிப்பெண், பூஜ்யத்துக்குக் கீழே 12 முதல் மேலே 24 வரையிலான இடைவெளியில் எங்கோ இருக்கிறது என்று இருபதில் பத்தொன்பது பங்கு உறுதியோடு சொல்லலாம். இடைவெளி அகலமானதுதான், அதைப் பாதியாகக் குறைக்க வேண்டுமானால் நான்கு மடங்கு பேரைக் கூப்பிட வேண்டும். எனினும் இணையதளம் சொன்ன 60 அந்த அகன்ற இடைவெளிக்குள்ளும் வரவில்லை என்பது திண்ணமாகிறது. தாமே வந்த 100 பதில்களுக்கு இப்படியோர் எல்லையைக் கணக்கிட முடியாது. சூத்திரத்தில் எண்களைப் போட்டால் ஏதோ ஒரு விடை வரும்; ஆனால் அச்சூத்திரம் எழுந்தமானத் தேர்வை நம்பிப் பிறந்தது; அந்தத் தேர்வு இல்லாத இடத்தில் அதன் விடைக்குப் பிரமாணம் இல்லை.

கூப்பிடுகிறவரின் குரலும் விடையை மாற்றும். கடை முதலாளியே கேட்டால், கூச்சத்தால் ஒரு விடை வரும்; அயலார் கேட்டால் வேறு விடை வரும். இதற்கு மருந்து நம் நாட்டிலேயே கண்டுபிடிக்கப்பட்டது. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவிய மஹலனோபிஸ், வங்காளத்தில் 1937 முதல் சணல் பயிர்ப் பரப்பை மாதிரி முறையில் கணக்கிட்டபோது, ஒரே நிலப்பகுதியில் ஒன்றோடொன்று ஊடுருவிய இரண்டு மாதிரிகளை எடுத்து, தனித்தனிக் குழுக்களிடம் ஒப்படைத்தார். இரு குழுக்களின் விடையும் நெருங்கி நின்றால் நம்பலாம்; விலகி நின்றால், நிலத்தில் இல்லாத ஏதோ ஒன்று, ஆட்களின் கையிலோ கண்ணிலோ இருக்கிறதென்று பொருள். நம் 60 பேரையும் சீட்டுக் குலுக்கி 30 பேர் கொண்ட இரு பாதிகளாகப் பிரித்து, ஒரு பாதியைக் கடைப்பெண்ணிடமும் மறு பாதியைக் கடைக்குத் தொடர்பில்லாத ஒரு கல்லூரி மாணவியிடமும் கொடுத்தால், மஹலனோபிஸின் அந்தப் பரிசோதனையை ஓர் ஆரணிக் கடை காசு செலவின்றிச் செய்துகொள்ளலாம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்று உண்டு. கேள்வி கேட்பதே மனிதரை மாற்றிவிடுகிறது. விக்கி மார்விட்ஸ், எரிக் ஜான்சன், டேவிட் ஷ்மிட்லைன் ஆகியோர் 1993இல் வெளியிட்ட ஆய்வில், அடுத்த ஆறு மாதத்தில் மோட்டார் வண்டி வாங்கும் உத்தேசம் உண்டா என்று கேட்கப்பட்டவர்கள், கேட்கப்படாதவர்களைவிடக் கூடுதலாக வாங்கியிருந்தார்கள். பின்னர் உத்பல் தோலகியாவும் மார்விட்ஸும் ஒரு நிதி நிறுவனத்தின் வாடிக்கையாளர்களை எழுந்தமானமாக இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரிடம் மட்டும் தொலைபேசியில் நிறைவு குறித்து விசாரிக்கச் செய்து, ஓராண்டு வரை இரு பிரிவினரையும் கவனித்தார்கள். விசாரிக்கப்பட்டவர்கள் புதிய கணக்குகள் தொடங்கியது மூன்று மடங்குக்கும் மேல்; விலகிப்போனது பாதிக்கும் குறைவு. ஆகவே விசாரித்தவர்களையே பின்தொடர்ந்து, "பாருங்கள், இவர்கள் எவ்வளவு பற்றுடையவர்கள்" என்று சொல்லும் கடைக்காரர், தாம் ஊட்டியதையே தாம் அளக்கிறார். எதுவும் கேட்கப்படாத ஓர் ஒப்புக்குழுவை ஒதுக்கிவைத்தால்தான் ஊட்டியது எவ்வளவு, இருந்தது எவ்வளவு என்று பிரித்தறியலாம். (வாங்கியவரை ஒரு முறை அன்போடு விசாரிப்பதன் பலன் வியாபாரத்துக்கு நல்லதே, அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அளவும் உபசாரமும் ஒன்றல்ல என்பதையே சொல்கிறேன்.)

காலத்தின் சிக்கல் எஞ்சி நிற்கிறது. ஐந்து ஆண்டாக வராத வாடிக்கையாளர் போய்விட்டாரா, காத்திருக்கிறாரா? மேலே சொன்ன ஷ்மிட்லைன், டொனால்ட் மாரிசன், ரிச்சர்ட் கொலம்போ ஆகியோருடன் சேர்ந்து 1987இலேயே இதற்கு ஒரு கணக்கு முறை வகுத்தார். அதன் உட்கருத்து இது: ஒவ்வொருவரின் மௌனத்தையும் அவரவருடைய பழைய தாளத்தோடு ஒப்பிட வேண்டும். தீபாவளிதோறும் தவறாமல் வந்தவர் மூன்று ஆண்டு வராவிட்டால் அவர் போய்விட்டதற்கே வாய்ப்பு அதிகம். பத்தாண்டுக்கு ஒரு முறை வந்தவர் அதே மூன்று ஆண்டு வராவிட்டால் கவலைக்கு இடமில்லை. அடிக்கடி வந்தவரின் மௌனமே அதிகம் பேசுகிறது. ஆரணிக் கடைக்கு இம்முறையைப் பொருத்தும்போது ஒரு திருத்தம் வேண்டும்: தாளம் தனி மனிதருடையதன்று, குடும்பத்தினுடையது. அக்காள் கல்யாணத்துக்கு வந்த பில்லும், பத்தாண்டு கழித்துத் தங்கையின் வளைகாப்புக்கு வந்த பில்லும் வெவ்வேறு தொலைபேசி எண்களில் இருக்கும். அவற்றை ஒரே குடும்பக் கணக்கில் சேர்க்காதவரை, நெடுநாள் வாடிக்கைக் குடும்பம் ஒன்றை, ஒரு முறை வந்து போன இருவராகவே கணினி எண்ணிக்கொள்ளும்.

ரைக்கெல்ட் தாமே பிற்காலத்தில் எடுத்த முடிவு கவனிக்கத்தக்கது. ஊழியர்கள் 10 போடும்படி வாடிக்கையாளரைக் கெஞ்சுவதும், மதிப்பெண்ணுக்காகவே மதிப்பெண் திரட்டுவதும் பெருகிவிட்டதைக் கண்டு, 2021இல் அவரும் தோழர்களும் ஈட்டிய வளர்ச்சி என்னும் வேறோர் அளவை முன்வைத்தார்கள். ஆண்டு வருமானத்தில், பழைய வாடிக்கையாளர் திரும்பி வந்ததால் கிடைத்தது எவ்வளவு, அவர்கள் சொல்லி வந்த புதியவரால் கிடைத்தது எவ்வளவு, விளம்பரத்தாலும் தள்ளுபடியாலும் இழுக்கப்பட்டது எவ்வளவு என்று பேரேட்டிலிருந்தே பிரிப்பது அந்த முறை. அதற்கு வேண்டியது, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "யார் சொல்லி வந்தீர்கள்?" என்று கேட்டு எழுதிவைப்பது. நம் ஜவுளிக் கடைகளில் பாய் விரித்து உட்காரவைத்ததும் கேட்கும் கேள்வி அது. கேட்டதை எழுதும் வழக்கந்தான் இல்லை. பில்லில் அதற்கென்று ஒரு கட்டம் போட்டு, இணையதளத்திலும் பணம் கட்டும் பக்கத்திலேயே அதே கேள்வியை வைத்து, பருவத்துக்கு ஒரு முறை மௌனமாயிருப்போரில் அறுபது பேரைச் சீட்டுக் குலுக்கிக் கூப்பிட்டு, "சிபாரிசு செய்வீர்களா" என்பதோடு நில்லாமல், "இதுவரை யாரிடமாவது எங்கள் கடையைப் பற்றிச் சொன்னீர்களா, யாரிடம்?" என்றும் கேட்டு வரும் கடைக்கு, சொன்னவர் பக்கத்திலிருந்து ஒரு கணக்கும் கேட்டு வந்தவர் பக்கத்திலிருந்து ஒரு கணக்கும் கையில் இருக்கும். இரண்டும் ஓரளவு ஒத்துவர இரண்டு மூன்று கல்யாணப் பருவங்கள் ஆகலாம். ஒத்துவராத இடங்களில், எந்தப் பெயர்கள் ஒரு பக்கம் மட்டும் நிற்கின்றன என்று பார்த்து, அவர்களைத்தான் அடுத்து விசாரிக்க வேண்டும்.